நாரையை எந்த அடைவில் வைப்பது?

"தம்பி, பின்னாடி ஒரு இன்டெக்ஸ் பத்தாது. மூணு வேணும்" என்றார் சார்.

அவர் எனக்குப் பாடம் எடுத்தவர் இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் சார்தான். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களைப் பற்றிப் பதினேழு வருஷமாக ஊர் ஊராகப் போய்ச் சேகரித்ததையெல்லாம் புத்தகமாக்கியிருந்தார். நான் டிடிபி வேலை பார்ப்பவன். ஒரு பென் டிரைவையும் மூன்று பிஸ்கட் டப்பாக்களையும் என் மேஜையில் வைத்தார். பென் டிரைவில் ஒரே ஒரு வேர்ட் கோப்பு. ஏ4 தாளில் நானூற்றுச் சொச்சம் பக்கம். டப்பாக்களில் சீட்டுகள். பழைய காலண்டர் தாளை நாலாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், அதன் கீழே எண்கள். முதல் டப்பாவில் ஆட்கள், இரண்டாவதில் ஊர்கள், மூன்றாவதில் கண்மாய்ச் சொற்கள்: மடை, மதகு, கலுங்கு, குமிழி, தூம்பு, உள்வாய், வரத்துக்கால், மறுகால்.

எண்கள் எல்லாம் அவருடைய கையெழுத்து நோட்டின் பக்க எண்கள். எனக்கு ஒன்றும் உதவாது. ஆனால் அந்த மூன்று டப்பாவைப் பார்த்ததும் அவர் கேட்பது இன்னதென்று புரிந்துவிட்டது.

நான் வடிவமைத்த தமிழ்ப் புத்தகங்களில் கடைசியில் அடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று சொல்லும் இன்டெக்ஸ், இருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். பதிப்பாளர்களிடம் கேட்டால் "அதுக்கு பதினாறு பக்கம் போகுமே" என்பார்கள். பின்னால் வருகிற அடைவு என்பதால் இதைப் 'பின்னடைவு' என்றே சொல்லிவிடலாமே என்று அப்போது விளையாட்டாக நினைத்தேன். அடுத்த மூன்று மாதமும் அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தியது.

ஒன்றுக்கு மேற்பட்ட அடைவு என்பது நமக்குப் புதிதும் இல்லை. திருக்குறள் உரைப் புத்தகம் எதையாவது எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். அதிகார அகரவரிசை ஒரு பக்கம் இருக்கும், குறள் முதற்குறிப்பு ஒரு பக்கம் இருக்கும். 133 அதிகாரத்தில் ஒன்றைத் தேடுகிறவனும் 1330 குறளில் ஒன்றின் முதல் சொல் மட்டும் ஞாபகம் இருப்பவனும் ஒரே ஆள் இல்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். சங்க இலக்கியப் பதிப்புகளில் பாடினோர் வரிசை, பாடப்பட்டோர் வரிசை, பாட்டு முதற்குறிப்பு என்று தனித்தனியாக இருக்கும். தேவாரம் இன்னும் ஒரு படி மேலே. அங்கே அடைவைத் தாண்டி நூலையே இரண்டு விதமாக அடுக்கிவிட்டார்கள். பண் வாரியாகப் பாட நினைப்பவருக்குப் பண்முறை, கோயில் கோயிலாகப் போகிறவருக்குத் தலமுறை. பாட்டு அதேதான், வழிதான் வேறு.

சாருக்கு இதெல்லாம் தெரியும். எனக்கு வேர்ட் தெரியும். ரெண்டும் சேர்ந்தால் வேலை சுலபம் என்று நினைத்து, "பத்து நாள்ல முடிச்சிரலாம் சார்" என்று சொல்லிவிட்டேன்.

வேர்டில் ஓர் அடைவு போடுவது எளிது. சொல்லைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், ஷிஃப்ட், எக்ஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி வரும். அதில் பதிவைச் சரிபார்த்து 'மார்க்' கொடுத்தால் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியீடு உட்கார்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் குறித்து முடித்தபின் கடைசிப் பக்கத்துக்குப் போய் 'இன்செர்ட் இன்டெக்ஸ்' என்றால், வேர்டே பக்க எண்களைப் பொறுக்கி வரிசைப்படுத்தித் தந்துவிடும். இது வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டாவது அடைவு வேண்டும் என்றதும் அந்தப் பெட்டி கைவிரித்துவிடுகிறது. இந்தப் பெயர் ஆள் அடைவுக்கு, இது ஊர் அடைவுக்கு என்று சொல்ல அதில் ஒரு கட்டமும் கிடையாது. வசதி இல்லாமல் இல்லை, உள்ளே ஒளிந்திருக்கிறது. பத்திக் குறிகளைக் காட்டுகிற பொத்தானை அழுத்தினால் குறியீடுகள் வெளியே தெரியும். நெளி அடைப்புக்குள் எக்ஸ்ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு மேற்கோள் குறிக்குள் நம் பதிவு. அதன் பின்னால் ஒரு பின்சாய்வுக்கோடு, எஃப் என்ற எழுத்து, மேற்கோளுக்குள் நாம் விரும்பிய ஓர் அடையாள எழுத்து, இவ்வளவையும் கையால் சேர்க்க வேண்டும். ஆட்களுக்கு ஒரு எழுத்து, ஊர்களுக்கு ஒரு எழுத்து, சொற்களுக்கு ஒரு எழுத்து. கடைசியில் அடைவு வர வேண்டிய இடத்தில் இன்டெக்ஸ் குறியீட்டை மூன்று தடவை போட்டு, ஒவ்வொன்றிலும் அதே எஃப்பும் அதற்குரிய எழுத்தும் சேர்த்தால், ஒவ்வோர் அடைவும் தன் எழுத்துள்ள பதிவுகளை மட்டும் பொறுக்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். அந்த நெளி அடைப்பை விசைப்பலகையில் இருக்கும் நெளி அடைப்பால் தட்டினால் வேலைக்கு ஆகாது. அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். கன்ட்ரோலையும் எஃப்9ஐயும் அழுத்தினால் வருகிற அடைப்புதான் உயிருள்ள அடைப்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. சார் மூன்று அடைவு என்று தெளிவாகச் சொல்லும் முன்பே, ஆர்வக்கோளாறில் முதல் நான்கு அத்தியாயங்களை நான் குறித்து முடித்திருந்தேன். சுமார் முந்நூறு பதிவு. எதிலும் அடையாள எழுத்து இல்லை. சரி, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, அடுத்த அத்தியாயங்களில் ஆட்களுக்கு ஆங்கில 'பி', சொற்களுக்கு 'எஸ்', இடங்களுக்கு 'ஐ' என்று வைத்துக்கொண்டேன். இடத்துக்கு 'ஐ'தானே நம் வாய்க்கு வரும்? சோதனைக்காக மூன்று அடைவையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். ஆள் அடைவு ஒழுங்காக வந்தது. சொல்லடைவும் வந்தது. இட அடைவில் மானாமதுரை, பரமக்குடியோடு சேர்ந்து வேலு நாச்சியாரும் கலுங்கும், கண்மாய்த் தண்ணீரைத் திருப்பிவிடும் நீர்க்கட்டி கருப்பையாவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வேறு கணினியில் திறந்தாலும் அதே கதை. கடைசியில் வேர்டின் உதவிப் பக்கத்தில் ஒரு வரியில் விடை கிடைத்தது. அடையாள எழுத்து கொடுக்காத பதிவுகளுக்கு வேர்ட் தானாகவே வைத்துக்கொள்ளும் வகை 'ஐ'. ஆங்கிலத்தில் இன்டெக்ஸ் என்பதன் முதல் எழுத்து அது. நான் இடத்துக்கு 'ஐ' வைக்கப்போய், நான் வகைபிரிக்காமல் விட்ட முந்நூறும் "எங்களைத்தானே கூப்பிட்டாய்" என்று கிளம்பி வந்துவிட்டன. இடத்துக்கு 'யு' என்று மாற்றினேன், ஊரின் முதல் எழுத்து. அந்தப் பழைய முந்நூறையும் ஒவ்வொன்றாகத் திறந்து எழுத்து சேர்த்தேன். மூன்று அடைவு போடப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்: முதல் பதிவைக் குறிக்கும் முன்பே எழுத்துகளை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுங்கள், 'ஐ'யைத் தொடாதீர்கள்.

குறிக்கிற வேலை பிறகு வேகம் பிடித்தது. மூன்று வகைக்கும் ஒவ்வொரு வெற்றுக் குறியீடு செய்துவைத்து, நகலெடுத்து ஒட்டி, உள்ளே சொல்லை மட்டும் மாற்றினேன். முக்காற்புள்ளி போட்டால் உட்பதிவு வரும். 'மடை'க்குக் கீழே குமிழி மடை, பெரிய மடை என்று அடுக்க அது உதவியது. பக்க எண்ணுக்குப் பதில் 'காண்க' என்று வர வேண்டுமானால் எஃப்புக்குப் பதிலாக இல்லை, அதோடு கூடவே டி என்று ஒரு சுவிட்ச் சேர்க்க வேண்டும். 'கம்மாய்: கண்மாய் காண்க', 'கலிங்கு: கலுங்கு காண்க', 'ஆர்.எஸ்.மங்கலம்: ராஜசிங்கமங்கலம் காண்க'. இந்தக் 'காண்க'க்களைப் போடும்போதுதான் அடைவு ஒரு மனிதர் செய்தது போலத் தெரிய ஆரம்பிக்கிறது. கம்மாய் என்று பேசுகிறவரும் கண்மாய் என்று எழுதுகிறவரும் ஒரே பக்கத்துக்கு வந்து சேர வேண்டுமே.

தானாகக் குறிக்கிற வழி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வேர்டிலும் உண்டு, லிப்ரே ஆபிஸிலும் உண்டு. சொற்பட்டியல் ஒன்று தயார் செய்து கொடுத்தால் மென்பொருளே நூல் முழுக்கத் தேடிக் குறித்துவிடும். ஆங்கிலப் புத்தகத்துக்கு ஓரளவு சரிப்படும். தமிழில் யார் 'மானாமதுரை' என்று தனியாக எழுதுகிறார்கள்? மானாமதுரையில், மானாமதுரைக்கு, மானாமதுரையைத் தாண்டி, மானாமதுரைக்காரர். முழுச்சொல்லாக மட்டும் தேடு என்றால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். சொல்லின் பகுதியாக இருந்தாலும் பிடி என்றால் வேறு வம்பு. 'கரை' என்று கொடுத்துப் பார்த்தேன். கண்மாய்க் கரை எல்லாம் வந்தது, கூடவே 'சர்க்கரை'யும் வந்தது. மடை தேடினால் மடைப்பள்ளி. சார் ஓரிடத்தில் கண்மாய்ப் பொங்கல் வைப்பதை எழுதியிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் மூன்று தப்புப் பதிவு. பட்டியலை மூடிவிட்டுக் கையாலேயே குறித்தேன். பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதை அப்போது நான்தான் முடிவு செய்கிறேன். நூலின் உடலில் 'மானாமதுரையைத் தாண்டி' என்று இருந்தால் என்ன, குறியீட்டுக்குள் 'மானாமதுரை' என்று எழுதினால் போதும்.

லிப்ரே ஆபிஸிலேயே முழு வேலையையும் செய்துவிடலாமா என்றும் ஒரு வாரம் பார்த்தேன். அங்கே 'பயனர் வரையறுத்த அடைவு' என்று எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கலாம், பெயரும் வைக்கலாம். ஆகா என்று ஊர் அடைவை அதில் எடுத்தால், நான் பயன்படுத்திய பதிப்பில் அது அகரவரிசைக்கே வரவில்லை. புத்தகத்தில் வருகிற வரிசையில் வந்தது, ஒரே ஊர் ஏழு தடவை ஏழு வரியாக. அகரவரிசை போடுகிற, எண்களைச் சேர்த்துத் தருகிற அடைவு அங்கே ஒரே ஒரு வகைதான். அதற்குள் ஒரு குறுக்கு வழி உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் 'முதல் சாவி' என்ற கட்டத்தில் ஆட்கள், ஊர்கள், சொற்கள் என்று கொடுத்தால், ஒரே அடைவு மூன்று பகுதியாகப் பிரிந்து வரும். லிப்ரே ஆபிஸ் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல வழி. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஆவணத்துக்கு ஓர் அடைவுதான். அங்கேயும் இதே மாதிரித் தலைப்புக்குள் தலைப்பு வைத்துச் சமாளிக்க வேண்டும். லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எத்தனை அடைவும் சிரமமில்லாமல் போடலாம், அதற்கென்றே பொதிகள் இருக்கின்றன. ஆனால் சார் ஒவ்வொரு வாரமும் வேர்ட் கோப்பில் திருத்தம் செய்து அனுப்புகிறவர். அவரை லேடெக் படிக்கச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. வேர்டிலேயே இருந்துவிட்டேன்.

இதுவரை சொன்னது இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய கதை. உண்மையான தகராறு எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நடந்தது. ஓர் அடைவு என்றால் பெயரை உள்ளே போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மூன்று என்றால் ஒவ்வொரு பெயரிடமும் "நீ யார்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை. ஒரு நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவு நீளக் கரை, அதில் நாற்பத்தெட்டு மடை என்று பொருள் சொல்வார்கள். சார் இதற்கு மட்டும் ஆறு பக்கம் எழுதியிருந்தார். நான் 'யு' போட்டு ஊர் அடைவில் ராஜசிங்கமங்கலத்துக்குக் கீழே வைத்தேன். சாருக்கு ஒப்பவில்லை.

"அது ஊரைப் பத்தியா தம்பி பேசுது? மடையைப் பத்திப் பேசுது. சொல்லடைவுல போடுங்க."

"சார், தேடுறவங்க ஊர் பேரை வச்சுத்தானே தேடுவாங்க?"

"ஊர் பேரே ஒரு ராஜா பேர்தானே. அப்ப அவன் ஆள் அடைவுக்குப் போக வேண்டாமா?"

சும்மா வம்புக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. ராஜசிங்கன் என்ற பாண்டியன் பெயரால் அமைந்த ஊர் என்று சொல்லப்படுவதை அவர் தனியாக ஒரு பத்தியில் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியில் வரும் ராஜசிங்கன் ஆள். அடுத்த பத்தியில் வரும் ராஜசிங்கமங்கலம் ஊர். அதற்கடுத்த பத்தியில் 'பெரிய கண்மாய்' என்று மட்டும் வருகிறது. அது ஊரா, சொல்லா? கண்மாயின் பெயர் இடப்பெயர்தான் என்று நான். கண்மாய் என்பது பெயர்ச்சொல்லாக வந்தாலே அது சொல்லடைவுக்குச் சொந்தம் என்று அவர். இரண்டு நாள் இழுத்தது. கடைசியில் விதி ஒன்று எழுதிக்கொண்டோம்: தனிப்பெயர் உள்ள கண்மாய் ஊர் அடைவுக்கு, பொதுச்சொல்லாக வந்தால் சொல்லடைவுக்கு, சொலவடைகள் எங்கே வந்தாலும் இரண்டு குறியீடு. நாற்பத்தெட்டு மடை அந்த விதிப்படி ராஜசிங்கமங்கலத்தின் கீழும் இருக்கிறது, மடையின் கீழும் இருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு எக்ஸ்ஈ பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வேர்டுக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை.

ஆட்பெயர் அடைவில் வேறு மாதிரிச் சிக்கல். பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளரை 'பென்னிகுயிக், ஜான்' என்று போடுவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. அதே வழக்கத்தில் அடுத்த பக்கத்தில் 'மருது, பெரிய' என்றும் 'மருது, சின்ன' என்றும் போட்டு அச்செடுத்துக் காட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். 1801இல் திருப்பத்தூரில் தூக்கில் ஏறியவர்களை இப்படி உடைத்து வைத்தால் சிவகங்கைக்காரர்கள் நம்மைச் சும்மா விடுவார்களா என்றார். பெரிய மருது ப வரிசைக்கும் சின்ன மருது ச வரிசைக்கும் போனார்கள். ம வரிசையில் 'மருது சகோதரர்கள்' என்று ஒரு 'காண்க'. முன்னெழுத்து உள்ளவர்களுக்கு மட்டும் எழுத்தைப் பின்னால் கொண்டுபோனோம்: சாமிநாதையர், உ.வே. அப்போதும் 'உ.வே.சா.' என்று தேடுகிறவருக்காக உ வரிசையில் இன்னொரு 'காண்க'.

பேட்டி கொடுத்த பெரியவர்களில் ஐந்து கருப்பையா. பட்டப்பெயரோடு ஒருவர், மற்ற நால்வரும் வெறும் கருப்பையா. அடைவில் ஒரே பெயராக வைத்தால் ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஆளாகி, பதினாறு பக்கத்தில் பேசுகிற ஒரு மகா கருப்பையா உருவாகிவிடுவார். ஊரை அடைப்புக்குறிக்குள் சேர்த்துப் பிரித்தோம். ஒருவருடைய ஊர் நோட்டில் இல்லை. சார் அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

பழைய எழுத்துருவில் தட்டிய சில அத்தியாயங்களை யாரோ யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அடைவு எடுத்தபோதுதான் அதன் லட்சணம் தெரிந்தது. 'கௌரி' ஓரிடத்தில், 'கெளரி' என்று வேறோர் இடத்தில். இரண்டாவதில் இருப்பது ஔகாரக் குறி இல்லை, ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் ஒரு முழு 'ள'. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு பெண்கள். ஸ்ரீவில்லிபுத்தூரும் இரண்டாக வந்தது. அதன் ஸ்ரீயை 'ஸ' வைத்தும் எழுதலாம், யூனிகோடில் 2005இல் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம். எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைந்து காட்டிவிடும். உடலில் படிக்கும்போது யாருக்கும் தெரியாத இந்தக் குளறுபடியெல்லாம் அடைவில் வந்து இரண்டு வரியாக நிற்கும். எழுத்துப் பிழை பார்க்க இதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. தனியாகக் காசு கொடுத்து மெய்ப்புப் பார்த்ததில் தப்பிய பதினோரு பிழை அடைவில் மாட்டியது.

வரிசை பற்றியும் சொல்ல வேண்டும். சொற்களை ஒருமுறை சரிபார்க்கலாம் என்று அக்கா மகனிடம் பட்டியலைக் கொடுத்தேன். கல்லூரியில் கணினி படிக்கிறான். "ரெண்டு வரி பைத்தான் மாமா, இந்தாங்க" என்று ஐந்து நிமிஷத்தில் திருப்பித் தந்தான். மானாமதுரைக்கு அடுத்து மாரநாடு. மடைக்கு அடுத்து மட்டம். மறுகாலுக்கு அடுத்து மழை. மூன்றும் தலைகீழ். நம் அகராதிப்படி ற, ன இரண்டும் மெய் வரிசையின் கடைசி எழுத்துகள். எனவே மாரநாடு முதலில், மழை முதலில். புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வர வேண்டும். எனவே மட்டம் முதலில், மடை பிறகு. யூனிகோடில் எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ள-வுக்குப் பின் ழ, அப்புறம்தான் வ என்று, பிற இந்திய மொழி எழுத்துகளின் வரிசையோடு ஒட்டி வைத்துவிட்டார்கள். புள்ளிக்கு எல்லா உயிர்க்குறிகளையும் தாண்டிய எண். தமிழ் வரிசை சொல்லித்தராத எந்த நிரலும் அந்த எண்களை வைத்துத்தான் அடுக்கும். அவன் மேல் தப்பில்லை. மொழி வரிசை தெரிந்த நூலகம் ஒன்றை வைத்து மறுநாள் சரி செய்து தந்தான். ஆனால் அதன் பிறகு நான் எந்த வரிசையையும் நம்பவில்லை. வேர்ட் தந்த மூன்று அடைவையும் அச்செடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அளவுகோலை வரி வரியாக நகர்த்திச் சரிபார்த்தேன்.

கடைசி நேரத்துப் பதற்றம் ஒன்றும் உண்டு. பக்க அளவு ஏ4இலிருந்து டெமிக்கு மாறியது. நானூற்றுச் சொச்சம் அறுநூற்று நாற்பதானது. இதற்காகத்தானே குறியீடு வைத்தோம் என்று தெம்பாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினேன். எண்கள் எல்லாம் மாறின. ஏதோ ஓர் உறுத்தலில் அச்செடுத்து 'குமிழி'யைச் சோதித்தேன். அடைவில் 311 என்று இருந்தது. 311இல் குமிழி இல்லை, 304இல் இருந்தது. அடுத்ததைப் பார்த்தால் அதுவும் ஏழெட்டுப் பக்கம் தள்ளி. பின்னால் போகப் போக இடைவெளி கூடியது. ஒரு மணி நேரம் வியர்த்துப்போய்த் தேடினேன். காரணம் அற்பமானது. பத்திக் குறிகளைக் காட்டுகிற பொத்தான் அழுத்தியபடியே இருந்தது. அது அழுத்தியிருக்கும் வரை மறைவாக இருக்க வேண்டிய எக்ஸ்ஈ குறியீடுகளும் திரையில் தெரியும். தெரிவது மட்டுமில்லை, இடத்தையும் அடைத்துக்கொள்ளும். ஆயிரத்துக்கு மேற்பட்ட குறியீடுகள் ஆளுக்கு அரை வரி பிடித்துக்கொண்டு பக்கங்களைத் தள்ளிவிட்டிருந்தன. பொத்தானை அணைத்துவிட்டு மறுபடி எஃப்9. குமிழி 304க்கு வந்துவிட்டது.

அப்படியே அச்சுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் ராத்திரியில் சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

வரிசைத் திருத்தங்களை அடைவில் நேரடியாகச் செய்தால் அடுத்த எஃப்9இல் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் கோப்பின் ஒரு நகலை எடுத்து, அதில் மூன்று அடைவுகளையும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 போட்டு வெறும் எழுத்தாக உறையவைத்து, அங்கே கைவேலையை முடித்தேன். உயிருள்ள கோப்பு தனியாக இருக்கிறது, இரண்டாம் பதிப்புக்கு. ஆட்கள் 212, ஊர்கள் 386, சொற்கள் 174. இருபத்திரண்டு பக்கம் போனது. பதிப்பாளர் முகம் சுளித்தார். சார் தன் செலவில் அந்தப் பக்கங்களுக்கான காகிதத்தைத் தருவதாகச் சொன்னதும் சுளிப்பை நிறுத்திக்கொண்டார், காகிதமும் வாங்கவில்லை.

புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்து சார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பிரதி மேஜையில் கிடந்தது. எடுத்துக் கடைசியில் புரட்டினேன். சொல்லடைவு முடிந்தபின் ஒரு வெற்றுப் பக்கம் விட்டிருந்தேன், பைண்டிங் கணக்குக்காக. அது வெற்றாக இல்லை. பென்சிலில் கோடு போட்டு, மேலே 'பறவைகள்' என்று தலைப்பு. உள்ளான், கொக்கு, செங்கால் நாரை, தாரா, நாரை. வேட்டங்குடிக்கும் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் பறவைகள் வந்து கூடுகட்டுவதே அங்கே கண்மாய் இருப்பதால்தான், அதற்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஒன்றைக்கூட நாங்கள் குறிக்கவில்லை.

நாரைக்கு நேரே எட்டு எண்கள் இருந்தன. ஒன்பதாவதாக ஒன்றை எழுதி அழித்திருந்தார்.

"இது நாற்பத்தெட்டு மடை வர்ற பக்கம்தானே சார்? ஏன் அழிச்சீங்க?"

"அங்கதான் அது பறக்கலையே தம்பி" என்றார்.